பேஸ் ஓவர்டிரைவும் ஆப்-ஆம்ப் மாற்றமும்

ஓவர்டிரைவ் பெடலின் பலகையில் எட்டுக் கால்களோடு உட்கார்ந்திருக்கும் சிறிய கறுப்புச் சிப்புதான் ஆப்-ஆம்ப். செயற்பாட்டுப் பெருக்கி என்பது அதன் பாடநூல் பெயர். பேஸ் கிட்டாரின் பிக்கப்பிலிருந்து வரும் சில நூறு மில்லிவோல்ட் சைகையைப் பல மடங்கு பெருக்குவது அதன் வேலை. பெருகிய அலையின் முகட்டையும் பள்ளத்தையும் வெட்டி முரட்டுத்தன்மை கொடுப்பது பெரும்பாலும் பக்கத்தில் இருக்கும் டயோடுகள். சிப் சாக்கெட்டில் செருகியிருந்தால் அதைக் கழற்றி வேறொன்றைப் பொருத்த ஓரிரு நிமிடம் போதும். அதனால்தான் பெடலைத் திருத்த நினைப்பவர்கள் முதலில் கைவைப்பது அதில். 4558 என்றால் கதகதப்பு, டிஎல்072 என்றால் தெளிவு, ஓபிஏ2134 என்றால் ஸ்டுடியோ தரம் என்று ஒவ்வொரு எண்ணுக்கும் ஒரு குணம் ஒட்டிக்கொண்டுவிட்டது. ஆனால் சிப்புக்குத் தனியாக ஒரு தொனி கிடையாது. அதைச் சுற்றியுள்ள மின்தடைகளும் மின்தேக்கிகளும் அதன் குறைகள் வெளியே தெரிய இடம் கொடுக்கின்றனவா என்பதே கேள்வி. சில பெடல்கள் கொடுக்கின்றன, பல கொடுப்பதில்லை.

ஓவர்டிரைவ் சுற்றுகளில் ஆப்-ஆம்ப் மூன்று விதமாக வேலை செய்கிறது. முதல் விதத்தில் டயோடுகள் அதன் பின்னூட்டப் பாதையிலேயே இருக்கும். வெளியீடு அரை வோல்ட்டைத் தாண்டியதும் டயோடு கடத்தத் தொடங்கிப் பெருக்கத்தைக் குறைத்துவிடும். இரண்டாவதில் ஆப்-ஆம்ப் முழு வேகத்தில் பெருக்கும். டயோடுகள் அதற்குப் பின்னால் தரைக்கு இணைக்கப்பட்டிருக்கும். மூன்றாவதில் ஆப்-ஆம்ப்பே 9 வோல்ட் மின்வழங்கலின் எல்லையில் முட்டி அலையை வெட்டும். சிப் மாற்றத்தின் விளைவு இந்த மூன்றிலும் ஒன்றுபோல் இருக்காது.

முதல் விதத்துக்குப் பெயர்போன சான்று ஐபனேஸ் டியூப் ஸ்கிரீமர். ஜப்பானின் மேக்சன் நிறுவனத்தில் சுஸுமு தமுரா வடிவமைத்த டிஎஸ்-808 பெடல் 1970களின் இறுதியில் வந்தது. 1982-இல் டிஎஸ்9 அதன் இடத்தைப் பிடித்தது. பழைய 808-களில் ஜேஆர்சி4558டி என்ற சிப் அதிகம் காணப்பட்டதால், அந்த எழுத்துகளுக்கே ஒரு மந்திர மதிப்பு ஏறியது. 4558 ஒன்றும் அபூர்வப் பொருள் அல்ல. அமெரிக்காவின் ரேதியான் உருவாக்கி, பிறகு பல நிறுவனங்கள் தயாரித்த சாதாரண இரட்டை ஆப்-ஆம்ப் அது. சென்னை ரிட்சி தெருவில் விற்கும் பேஸ்-டிரெபிள் போர்டுகளிலும் அதே எண்தான் இருக்கும்.

டியூப் ஸ்கிரீமரின் வெட்டும் நிலையில் எண்களைப் போட்டுப் பார்த்தால் விஷயம் விளங்கும். பின்னூட்டத்தில் 51 கிலோஓம் மின்தடையும் 500 கிலோஓம் டிரைவ் குமிழும் வரிசையாக இருக்கின்றன; தரைப் பக்கம் 4.7 கிலோஓம். டிரைவை முழுக்கத் திருப்பினால் பெருக்கம் ஏறத்தாழ 118 மடங்கு, அதாவது 41 டெசிபெல். 4558-இன் பெருக்க-அலைப்பட்டைப் பெருக்குத்தொகை, அதாவது பெருக்கத்தையும் அதில் எட்டக்கூடிய அதிர்வெண் எல்லையையும் பெருக்கினால் வரும் எண், 3 மெகாஹெர்ட்ஸ். அதை 118-ஆல் வகுத்தால் 25 கிலோஹெர்ட்ஸ் வருகிறது. காது கேட்கும் எல்லைக்கு அப்பால். அதே பின்னூட்டத்தில் 51 பிக்கோபாரட் மின்தேக்கி ஒன்றும் உண்டு. அது முழு டிரைவில் 5.7 கிலோஹெர்ட்ஸிலேயே மேல் ஒலிகளைக் குறைக்கத் தொடங்கிவிடுகிறது. ஆக, 1 மெகாஹெர்ட்ஸ் மட்டுமே தரும் பழைய 741 வகைச் சிப் அங்கே இருந்தாலும் அதன் எல்லை 8.5 கிலோஹெர்ட்ஸ், அப்போதும் முந்திக்கொள்வது மின்தேக்கிதான். 55 மெகாஹெர்ட்ஸ் தரும் எல்எம்4562-ஐப் பொருத்தினால், கூடுதலாகக் கிடைக்கும் வேகம் முழுவதும் அந்த மின்தேக்கியின் முன் பயனற்றுப் போகும்.

வெளியீட்டு மின்னழுத்தம் எவ்வளவு விரைவாக ஏறி இறங்கும் என்பதைக் காட்டும் ஸ்லூ ரேட் பற்றியும் நிறையப் பேசப்படுகிறது. 4558-க்கு அது மைக்ரோ வினாடிக்கு 1 வோல்ட் அளவில், டிஎல்072-க்கு 13, ஓபிஏ2134-க்கு 20. தரவுத்தாளில் இது பெரிய வித்தியாசம். ஆனால் 5 கிலோஹெர்ட்ஸில் 1 வோல்ட் உச்சமுள்ள அலைக்குத் தேவைப்படுவது மைக்ரோ வினாடிக்கு 0.03 வோல்ட்தான். டயோடுகள் வீச்சை அரை வோல்ட் பக்கத்திலேயே பிடித்து நிறுத்திவிடுவதால் இந்தச் சுற்றில் அதற்கு மேல் கேட்பாரில்லை. மிக மந்தமான 4558-உம் தேவையைப் போல முப்பது மடங்கு வேகம் கொண்டது.

அப்படியிருந்தும் டிஎஸ்9-ஐ 808 ஆக மாற்றிய பலர் வித்தியாசம் கேட்டதாகச் சொல்வதில் பொய் இருக்க வேண்டியதில்லை. இரு பெடல்களின் சுற்றும் ஏறக்குறைய ஒன்றே. வெளியீட்டில் இரண்டு மின்தடைகள் மட்டும் வேறு. 808-இல் 100 ஓம், 10 கிலோஓம்; டிஎஸ்9-இல் 470 ஓம், 100 கிலோஓம். 808 மாற்றம் என்ற பெயரில் நடப்பது இந்த இரண்டு மின்தடைகளையும் சிப்பையும் ஒரே அமர்வில் மாற்றுவது. அதில் எது எவ்வளவு செய்தது என்று பிரித்துப் பார்ப்பவர் குறைவு. மின்தடையின் மேல் நிறவளையங்கள்தான் இருக்கின்றன, சிப்பின் மேலோ பெயரே அச்சிட்டிருக்கிறது. பெருமை அதற்குப் போனதில் வியப்பில்லை.

இனி பேஸ். நான்கு கம்பி பேஸ் கிட்டாரின் தடித்த இ கம்பி 41 ஹெர்ட்ஸில் ஒலிக்கிறது. ஐந்து கம்பியின் பி கம்பி 31 ஹெர்ட்ஸ். டியூப் ஸ்கிரீமரில் 4.7 கிலோஓமோடு 0.047 மைக்ரோபாரட் மின்தேக்கி வரிசையில் நிற்கிறது. இரண்டும் சேர்ந்து 720 ஹெர்ட்ஸுக்குக் கீழே பெருக்கத்தைப் படிப்படியாகக் குறைக்கின்றன. முழு டிரைவில் மேல் ஒலிகளுக்கு 118 மடங்கு கிடைக்கும்போது, இ கம்பியின் அடிச்சுரத்துக்குக் கிடைப்பது ஏறத்தாழ 7 மடங்கு. டிரைவைக் குறைத்து வைத்தால் அடிச்சுரம் அநேகமாகப் பெருக்கமே இல்லாமல் கடந்துபோகும். சாதாரணக் கிட்டாருக்கு இது நல்ல ஏற்பாடு; கீழ் ஒலிகள் குழம்பிச் சேறாகாமல் நடு ஒலிகள் மட்டும் கடிக்கும். பேஸ் வாசிப்பவருக்கோ, பெடலை மிதித்ததும் அடித்தளம் காணாமல் போனது போலத் தோன்றும். நடு ஒலிகள் மேலெழும்பிவிட, கீழ் ஒலி அதே இடத்தில் நிற்பதுதான் காரணம்.

இந்தக் குறையைத் தீர்க்க எந்த ஆப்-ஆம்ப்பாலும் முடியாது. 720 ஹெர்ட்ஸ் என்ற எண்ணில் சிப்பின் பங்கு எதுவும் இல்லை. 0.047-ஐ 0.47 மைக்ரோபாரட் ஆக்கினால் அந்த எல்லை 72 ஹெர்ட்ஸுக்கு இறங்குகிறது. இ கம்பியின் அடிச்சுரத்துக்கு முழு டிரைவில் 58 மடங்கு பெருக்கம் கிடைக்கிறது. பெடலின் குணமே மாறிவிடும். அது எப்போதும் நல்ல மாற்றமும் அல்ல. அடிச்சுரம் பலமாக வெட்டுப்படும்போது அதன் மேல் ஏறிவரும் மற்ற ஒலிகளும் சேர்ந்து நசுங்கும். இரண்டு சுரங்களை ஒன்றாக மீட்டினால் அவற்றின் கூட்டலும் கழித்தலுமான புதிய அதிர்வெண்கள் பிறந்து குழப்பும். பேஸுக்கென்று வடிவமைத்த பெடல்கள் வேறு வழியில் போனதற்கு இதுவே காரணம். 1994-இல் வந்த பாஸ் ஓடிபி-3 பெடலில் பேலன்ஸ் என்ற குமிழ் வெட்டாத மூல ஒலியை வெட்டிய ஒலியோடு கலக்கிறது. ஐபனேஸ் டிஎஸ்9பி என்ற பேஸ் டியூப் ஸ்கிரீமரில் மிக்ஸ் குமிழும் பேஸ், டிரெபிள் குமிழ்களும் சேர்க்கப்பட்டன. கீழ் ஒலி மூலப் பாதையில் முழுசாக வர, முரட்டுத்தன்மை மட்டும் வெட்டும் பாதையிலிருந்து வருகிறது. பேஸ் ஓவர்டிரைவின் தொனியைத் தீர்மானிப்பதில் இந்தக் கலவை விகிதத்துக்கு நிகரான காரணி வேறொன்று இல்லை.

சிப் மாற்றம் உண்மையிலேயே காதில் விழும் இடம் இரண்டாவது விதம். புரோகோ ராட் அதற்குப் பாடநூல் சான்று. அமெரிக்காவின் கலமசூ நகரில் 1970களின் இறுதியில் பிறந்த இந்த டிஸ்டார்ஷன் பெடலைப் பேஸ் வாசிப்போரும் விரும்பிப் பயன்படுத்துகிறார்கள். அதன் பெருக்கும் நிலையில் 100 கிலோஓம் குமிழுக்கு எதிரே 47 ஓமும் 560 ஓமும் இணையாக நிற்பதால் உச்சப் பெருக்கம் 2,300 மடங்கு, 67 டெசிபெல். எந்த ஆப்-ஆம்ப்பிடமும் இது பேராசையான கோரிக்கை. முதலில் அதில் இருந்த எல்எம்308 மிக மந்தமான சிப். ஸ்லூ ரேட் மைக்ரோ வினாடிக்கு 0.3 வோல்ட்தான். அது கிடைப்பது அரிதானபோது வந்த ஓபி07-உம் அதே மந்தம். அதன் பெருக்க-அலைப்பட்டைப் பெருக்குத்தொகை 0.6 மெகாஹெர்ட்ஸ். 2,300-ஆல் வகுத்தால் 260 ஹெர்ட்ஸ். அதற்கு மேலே உள்ள ஒலிகளுக்கு முழுப் பெருக்கத்தைக் கொடுக்கச் சிப்பால் இயலவில்லை. பின்னூட்டத்தில் உள்ள 100 பிக்கோபாரட் மின்தேக்கி 16 கிலோஹெர்ட்ஸில்தான் வேலையைத் தொடங்கும் என்பதால், இங்கே மேல் ஒலிகளை மழுக்குவது சிப்பின் இயலாமையே. அந்த இயலாமைதான் ராட்டின் குரல். டிஎல்071-ஐப் பொருத்தினால் எல்லை 1.3 கிலோஹெர்ட்ஸுக்கு உயரும், அலையின் விளிம்புகளும் செங்குத்தாகும். கம்பியின் உரசலும் பிக்கின் சொடுக்கும் முன்னுக்கு வரும். தரவுத்தாளின்படி சிறந்த சிப், ராட்டின் ரசிகர்கள் பலருக்குக் கூசும் ஒலியைத் தருகிறது.

எம்எக்ஸ்ஆர் டிஸ்டார்ஷன் பிளஸ் இவ்விரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. 741 சிப், 1 மெகாஓம் பின்னூட்டம், 4.7 கிலோஓம்; உச்சப் பெருக்கம் 214 மடங்கு. 741-க்கு அங்கே எல்லை 4.7 கிலோஹெர்ட்ஸ், டிஎல்071-க்கு 14 கிலோஹெர்ட்ஸ். கிட்டாரில் இந்த வித்தியாசம் கேட்கலாம். பேஸில் கதை சற்று வேறு. டுவீட்டர் இல்லாத 10 அங்குல பேஸ் ஸ்பீக்கர்கள் பொதுவாக 4, 5 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் விரைவாகச் சரிந்துவிடும். கூடுதலாகக் கிடைத்த மேல் ஒலியில் பெரும்பகுதி ஸ்பீக்கரைத் தாண்டி வெளியே வராது. நேரடியாக மிக்ஸருக்குப் போகும் பேஸ் ஒலிக்கு இந்த வடிகட்டி கிடையாது என்பதால், ஒரே சிப் மாற்றம் மேடையில் கேட்காமல் ஒலிப்பதிவில் மட்டும் கேட்பதும் உண்டு.

தொனிக்கு அடுத்தபடியாகச் சிப்புக்கு ஏற்றப்படும் குணம் அமைதி. என்இ5532-இன் உள்ளீட்டு இரைச்சல் ரூட் ஹெர்ட்ஸுக்கு 5 நானோவோல்ட். நல்ல 4558-க்கு 8 அளவில். டிஎல்072-க்கு அதன் பழைய தரவுத்தாளின்படி 18. ஆனால் வெப்பத்தால் மின்தடைகளுக்கும் இரைச்சல் உண்டு: டியூப் ஸ்கிரீமரின் 4.7 கிலோஓம் மட்டுமே 9 நானோவோல்ட் தருகிறது. 10 கிலோஓம் பிக்கப் 13. எல்லாவற்றையும் கூட்டினால் 4558-இலிருந்து 5532-க்கு மாறுவதால் குறையும் இரைச்சல் ஏறத்தாழ 0.6 டெசிபெல். முன்னால் உள்ள டிரான்சிஸ்டர் பஃபரின் இரைச்சலையும் சேர்த்தால் இன்னும் சொற்பம். டிஎல்072-க்கு மாறினால் இரைச்சல் இரண்டரை டெசிபெல் வரை கூடுகிறது. தெளிவான சிப் என்று பெயரெடுத்தது உண்மையில் சற்று அதிகமாகச் சீறும்.

5532-க்கு வேறொரு பக்கமும் உண்டு. அதன் உள்ளீடு இழுக்கும் சார்பு மின்னோட்டம் 200 நானோஆம்பியர் அளவில். அது டியூப் ஸ்கிரீமரின் பின்னூட்டத்தில் உள்ள 551 கிலோஓம் வழியே பாயும்போது டயோடுகளின் நடுப்புள்ளி 0.1 வோல்ட் அளவுக்கு ஒருபக்கம் நகர்கிறது. ஜேஆர்சி 4558-இல் இது 14 மில்லிவோல்ட். டிஎல்072-இல் இல்லவே இல்லை எனலாம். நடுப்புள்ளி நகர்ந்தால் மேல் வெட்டும் கீழ் வெட்டும் சமமாக இருக்காது. இரட்டைப்படை மேற்சுரங்கள் பிறக்கும். கோட்பாட்டில் இது கேட்கத்தக்க ஒன்று. ஆனால் அழுத்தி வாசிக்கும்போது டயோடுகளில் பாய்வது பல பத்து மைக்ரோஆம்பியர். அதற்கு முன் 0.2 மைக்ரோஆம்பியர் ஒன்றுமில்லை. சுரம் தேய்ந்து, வெட்டு முடியும் தறுவாயில் மட்டும் அந்தச் சமமின்மை எட்டிப்பார்க்கும். நீண்டு ஒலிக்கும் பேஸ் சுரங்களில் அந்த வாலுக்குச் சற்று இடம் உண்டு என்பதைத் தவிர, இதை ஒரு தொனி என்று விற்க முடியாது. டிரைவ் குமிழைத் திருப்பும்போது கரகரவென்று சத்தம் வருவதுதான் இதன் எளிதில் தெரியும் அடையாளம்.

மாற்றத்தால் ஒலி கெடும் வழிகளே பேஸில் முக்கியமானவை. பழைய டிஎல்072-இன் உள்ளீடு எதிர்மின் எல்லைக்கு மூன்று நான்கு வோல்ட் அருகே இறங்கினால், வெளியீடு திடீரெனத் தலைகீழாகத் திரும்பிவிடக்கூடும். 9 வோல்ட் பெடலில் நடுப்புள்ளி 4.5 வோல்ட், கீழே இறங்க ஒரு வோல்ட் சொச்சம்தான் இடம். பாசிவ் பேஸ் பெரும்பாலும் அந்த எல்லைக்குள் நிற்கும். உள்ளே பேட்டரி வைத்த ஆக்டிவ் பேஸை அழுத்தி அறைந்தால் எளிதில் தாண்டும். வெட்டுக்குப் பதிலாக வெடிப்பு போன்ற ஒலி வரும். கிட்டாரில் நன்றாக இருந்த அதே மாற்றம் பேஸில் காலை வாரிவிடுவது இப்படித்தான். மிக வேகமான சிப்புகளுக்கு இன்னொரு நோய்: மின்வழங்கலுக்கு அருகில் 0.1 மைக்ரோபாரட் மின்தேக்கி இல்லாத பழைய பலகைகளில் அவை மெகாஹெர்ட்ஸ் அளவில் தாமாகவே அதிரத் தொடங்கும். அந்த அதிர்வு நேரடியாகக் கேட்காது. ஒலியில் ஒரு சொரசொரப்பாகவோ பேட்டரி சீக்கிரம் தீர்வதாகவோ தெரியும். அதைப் புதிய சிப்பின் குணம் என்று எடுத்துக்கொண்டவர்களும் உண்டு. 741, 308, 071 ஆகியவை ஒற்றை ஆப்-ஆம்ப்கள். 4558, 072, 5532 இரட்டை. கால்களின் எண்ணிக்கை எட்டுதான் என்றாலும் அமைப்பு வேறு. ஒன்றின் இடத்தில் மற்றதைச் செருகினால் பெடல் வேலை செய்யாது.

வெட்டும் வேலையில் ஆப்-ஆம்ப்பே இல்லாத பேஸ் பெடல்களும் இருக்கின்றன. ஹெல்சிங்கியின் டார்க்கிளாஸ் நிறுவனத்தைப் பிரபலமாக்கிய பி3கே, சிமாஸ் இன்வெர்ட்டர் சிப்பின் வாயில்களைப் பெருக்கிகளாக ஓட்டி அவற்றையே வெட்ட விடுகிறது. எண்முறைத் தருக்கத்துக்காகச் செய்த 4049 சிப்பை இப்படித் திருப்பிப் பயன்படுத்தும் யோசனை 1970களிலிருந்தே பெடல் கட்டுவோரிடையே உண்டு. அத்தகைய பெடலில் ஆப்-ஆம்ப் இருந்தால் அது பஃபராகவோ டோன் நிலையிலோ இருக்கும். அங்கே பெருக்கம் குறைவு என்பதால் ஒழுங்கான எந்தச் சிப்பும் மற்றொன்றைப் போலவே நடந்துகொள்ளும்.

கேட்டுத் தீர்ப்பது எளிதென்று தோன்றினாலும் சோதனையில் வழுக்கும் இடங்கள் அதிகம். சிப்பைக் கழற்றி மாட்டும் நேரத்துக்குள் முந்தைய ஒலியின் நுண்விவரம் நினைவிலிருந்து நழுவிவிடும். அரை டெசிபெல் உரத்த ஒலி உரத்ததாகத் தெரியாமல் சிறந்ததாகத் தெரியும். ஒரே மாதிரிப் பெடல்கள் இரண்டை வாங்கி, ஒன்றில் மட்டும் சிப்பை மாற்றி ஒப்பிடுவதும் நம்பத்தக்கதல்ல. டியூப் ஸ்கிரீமரின் 500 கிலோஓம் குமிழின் மதிப்பு 20 விழுக்காடு வரை விலகலாம். முழு டிரைவில் அதுவே ஒரு பெடலை 97 மடங்காகவும் மற்றதை 139 மடங்காகவும் ஆக்கும், அதாவது 3 டெசிபெல். மின்தேக்கியின் 10 விழுக்காடு விலகல் 720 ஹெர்ட்ஸை 655-க்கும் 800-க்கும் இடையே எங்கும் வைக்கும். சிப்புகளுக்கிடையே தேடும் வித்தியாசத்தைவிட இவை பெரியவை. ஒரே பெடலில் சாக்கெட் வைத்து, குமிழ்களைத் தொடாமல், முன்பே பதிவுசெய்த பேஸ் வாசிப்பை ஒவ்வொரு சிப்பின் வழியாகவும் ஓட்டி மறுபதிவு செய்வதே முறையான வழி. பிறகு ஒலியளவைச் சமப்படுத்தி, எது எது என்று தெரியாமல் பலமுறை கேட்க வேண்டும்.

அதற்கும் முன்னால் சிப்பையே சோதிக்க வேண்டியிருக்கிறது. பழைய ஜேஆர்சி முத்திரைக்குக் கிராக்கி இருப்பதால், வேறு சிப்பின் தலையைத் தேய்த்து மேலே 4558டி என்று அச்சிட்டவை சந்தையில் புழங்குகின்றன. மின்வழங்கலில் இழுக்கும் மின்னோட்டத்தையும் உள்ளீட்டுச் சார்பு மின்னோட்டத்தையும் மல்ட்டிமீட்டரால் அளந்து தரவுத்தாளோடு ஒப்பிட்டால் பல போலிகள் பிடிபடும். அளக்காமல் ஒப்பிட்டவர் கேட்டது இரண்டு வெவ்வேறு சிப்புகளையா, இரண்டு வெவ்வேறு அச்சுகளையா என்பது அவருக்கே தெரியாது.